பயற்றுக்குள் இருந்தது

கண்ணாடித் தட்டின் மூடியைத் தூக்குவதற்கு முன்பே சுலைஹாவுக்குத் தெரிந்துவிட்டது. மூடியின் உட்புறம் வியர்த்திருந்தது. அதற்கு அப்பால், கடல்பாசிக் கூழின் மேல் வரிசையாக வைத்திருந்த பயறுகளின் ஓரத்தில், பஞ்சு பிரிந்தாற்போல வெள்ளையாக ஒன்று கிளம்பியிருந்தது. அடுத்த தட்டைப் பார்த்தாள். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலாவது இருக்கக் கூடாது என்று மனதுக்குள் ஒரு பிஸ்மி சொல்லிக்கொண்டு குனிந்தாள். அதில்தான் அதிகம். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் காயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் சேட்டுவின் குடோனில், ஒரு காலத்தில் ஏலக்காய் காயப்போட்ட மச்சு அறை அது. வெளியே ஆடி மாதத்துக் கர்க்கடக மழை ஊற்றிக்கொண்டிருந்தது. கீழே பயறு பொறுக்கும் பெண்களின் முறச் சத்தமும் மூட்டை விழும் சத்தமும் பலகைத் தளத்தின் இடுக்குகள் வழியாக மேலே வந்தன. மேலே பேசுவதும் அதே இடுக்குகள் வழியாகக் கீழே போகும். வினையே அதில்தான் இருந்தது.

வெங்கடேஸ்வரன் திருப்பூணித்துறையிலிருந்து பஸ் பிடித்து, எர்ணாகுளத்தில் போட் ஏறி, நனைந்த குடையோடு படியேறி வந்தான். பி.எஸ்ஸி. தாவரவியல் படித்த பையன். மீசை இன்னும் சரியாக ஒப்புக்கொள்ளாத முகம். நல்லவன் என்றுதான் சொல்ல வேண்டும். கெட்டவனாக இருக்கவும் கொஞ்சம் தைரியம் வேண்டுமே, அது அவனிடம் கிடையாது. தட்டுகளைப் பார்த்ததும் முகம் விழுந்தது.

“என்னாக்கும் இது? மறுபடியும் வந்திருக்கே!”

“நான் சரியாத்தான் செஞ்சேன் சாரே.”

“சரியாச் செஞ்சா எப்படி வரும்? கையை நன்னா அலம்பினயா? சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும்?”

“ரெண்டு தடவ கழுவினேன்.”

“அப்பறம் எங்கயாவது தொட்டிருப்பாய். முக்காட்டை இழுத்து விட்டிருப்பாய். உன் கைலேருந்துதான் வரது இது. வேற எங்கேருந்து வரும்?”

சத்தமாகத்தான் கேட்டான். கீழே முறச் சத்தம் சட்டென்று நின்றது. தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அவள் புருஷன் நூர் முகம்மதுவும் அதைக் கேட்டிருப்பான். கேட்டதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவான். மூட்டையைக்கூட நடுவில் எங்காவது இறக்கி வைத்துவிடுவான், காதில் விழுந்த சொல்லை இறக்கி வைக்கத் தெரியாத மனுஷன்.

அந்த வருஷம் கடலோரப் பஞ்சாயத்துகளில் உப்பு மணலில் போடுவதற்கென்று விவசாய இலாகா விதைப் பயறு கேட்டிருந்தது. பாலக்காட்டில் தட்டாம்பயறு என்றும் கொச்சியில் வன்பயறு என்றும் சொல்லும் பயறு. சேட்டு அதைக் கடற்கரைத் தோட்டங்களில் இருந்தே வாங்கினார், அந்த மணலில் விளைந்ததுதான் அந்த மணலில் முளைக்கும் என்று. முதலில் அனுப்பிய விதையில் பூசணம் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் வெங்கடேஸ்வரனை வைத்து, மச்சு அறையை வெள்ளையடித்து, விதையைச் சோதிக்க ஏற்பாடு செய்தார். பயறை மருந்துத் தண்ணீரில் போட்டு மேலே உள்ள அழுக்கைக் கொல்ல வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீரில் அலச வேண்டும். இடுக்கியைத் தீயில் காட்டி, பயறை ஒவ்வொன்றாக எடுத்துக் கூழின்மேல் வைத்து மூட வேண்டும். அப்படி வைத்த நல்ல பயறில் பூசணம் வரக் கூடாது. வந்தால், வைத்தவர் கையில் அழுக்கு. நல்ல விதையின் உள்ளே எதுவும் குடியிருக்காது, எல்லாம் வெளியிலிருந்து வந்து ஒட்டுவதுதான் என்று வெங்கடேஸ்வரனுக்குக் காலேஜில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

காலேஜில் கூழைக் காய்ச்சித் தர ஆள் இருந்தது. இங்கே அவனே காய்ச்சினான். ஒரு நாள் தண்ணீராக ஓடியது, மறுநாள் அடிப்பிடித்தது. கடல்பாசி வாங்கிய கடையில் துலுக்க வீடுகளில் நோன்புக்கு இதைத்தான் பாலும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சுகிறார்கள் என்று சொல்ல, வந்து நூர் முகம்மதுவிடம் விசாரித்தான். “எங்க வீட்டுக்காரி நல்லாக் காச்சும் சாரே. பாலக்காட்டுக்காரியாச்சே, கண்ணாடி மாதிரி உறைய வைக்கும்” என்று நூர் முகம்மது பெருமையாகச் சொன்னான். அப்படித்தான் கீழே சாக்குப் படுதாவுக்குப் பின்னால் பெண்களோடு பெண்ணாகப் பயறு பொறுக்கிக்கொண்டிருந்த சுலைஹா மேலே வந்தாள்.

முதல் நாள் அடுப்பு மூட்டிக் கடல்பாசியைக் கிண்டியபோது கரண்டி பிடித்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு முன்னால் நின்று வருஷம் ஒன்றாகியிருந்தது.

அவளுடைய முதல் பிள்ளை யூசுப். தவழத் தொடங்காத பிள்ளை. போன வருஷம், வைகாசியில் பிடிக்கும் இடவப்பாதி மழையில் வயிற்றால் போய், வாந்தியும் சேர்ந்துகொண்டு, சுள்ளிக்கல்லில் அவர்கள் குடியிருந்த தெருவே தண்ணீரில் மிதந்த நாளில் போய்விட்டான். கிணற்றில் சாக்கடை கலந்த வருஷம் அது. தெருவில் வேறு பிள்ளைகளும் போயின. யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, மாமியார் ஃபாத்திமா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள். “ஒன்னைக் குத்தம் சொல்றேன்னு நெனைக்காத புள்ள. ஒங் கையி சுத்தமில்ல. சில பேரு கையி அப்படி. நீ என்ன செய்வ.” திட்டியிருந்தால் சுலைஹா திருப்பிப் பேசியிருப்பாள். ஒரு வாரம் அழுதுவிட்டு மறந்தும் போயிருப்பாள். முதுகைத் தடவிக்கொண்டு சொன்னதனால் அது உள்ளே இறங்கித் தங்கிவிட்டது. அன்றிலிருந்து சோறு, குழம்பு, சாயா எல்லாம் மூத்த மருமகள் ரம்லத் கையால்தான். ரம்லத்தின் புருஷன் களமசேரியில் ஃபாக்டரி வேலை, வெள்ளிக்கிழமை மட்டும் வருவான். அவளுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் கல்லுக் குண்டாக இருந்தன. வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த சுலைஹாவைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நூர் முகம்மது குடோனுக்கு அழைத்துப் போனான்.

இப்போது மறுபடியும் அவளுக்கு ஐந்து மாதம். மாமி இதற்கும் ஒரு முடிவு சொல்லிவிட்டாள். “பெறு. பால் கொடு. பால் அல்லாஹ் கொடுக்கிறது, அத நாம ஒண்ணும் சொல்ல முடியாது. படுத்துக்கிட்டே கொடு, ரம்லத்து பக்கத்துல கொண்டு வச்சுத் தரும். மத்தபடி குளிப்பாட்டுறது, மருந்து ஒரைக்கிறது, மடியில போட்டு ஒறக்குறது, ஒண்ணுக்கும் நீ கைய நீட்ட வேணாம்.” ரம்லத் அப்போது தலையைக் குனிந்துகொண்டு கப்பைக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். சீவியதையே திரும்பச் சீவினாள்.

ஆகவே சுலைஹாவுக்கு அந்தக் கண்ணாடித் தட்டுகள் விதைச் சோதனை அல்ல. காலேஜில் படித்த ஒருவர், சாமி வீட்டுப் பிள்ளை, அவள் வைத்த தட்டைப் பார்த்து “சுத்தம்” என்று சொல்ல வேண்டும். அது பலகை இடுக்கு வழியாகக் கீழே போய், நூர் முகம்மது வாயிலேறி வீட்டுக்குப் போக வேண்டும். மாமி ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டினால் போதும். பிள்ளையைத் தன் கையால் ஏந்தலாம். இதைவிடப் பெரிதாக அவள் எதையும் கேட்டதில்லை.

இரவு சோற்றுக்கு உட்கார்ந்ததும் நூர் முகம்மது சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான். “இன்னைக்கும் சாரு சத்தம் போட்டாரும்மா. இவ கை வச்சா பயறுகூடப் பூத்துருது!” சிரிப்பில் யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. மாமி வாய்க்குக் கொண்டுபோன உருண்டையைத் தட்டில் திரும்ப வைத்தாள். “பூப்பலா?” என்று மட்டும் கேட்டாள். பூசணத்துக்கு அந்த வீட்டில் அதுதான் பேர். நூர் முகம்மதுவுக்கு அப்போதுதான் உறைத்தது. மீன் முள்ளைத் தேடுவதுபோலத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த தடவை சுலைஹா நகத்தை ஒட்ட வெட்டினாள். துணி துவைக்கும் காரச் சோப்பைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தாள். வளையல்களைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டாள். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மூச்சைக்கூட ஓரமாகத் திருப்பி விட்டுக்கொண்டு பயறை வைத்தாள். வெள்ளை வந்தது. அதற்கடுத்த தடவை வெங்கடேஸ்வரன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பயறை நனைக்கும் மருந்துத் தண்ணீரைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி இரண்டு கைகளையும் அதில் அமிழ்த்திக்கொண்டு நின்றாள். பயறைச் சுத்தமாக்குவது கையைச் சுத்தமாக்காதா? முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விரலிடுக்கில் எரிந்தது. எரிந்தால் எரியட்டும், உள்ளே எது இருந்தாலும் சாகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். தினமும் அப்படிச் செய்தாள். தோல் வெளுத்து, பொருக்குத் தட்டி, உரியத் தொடங்கியது.

வெங்கடேஸ்வரன் ஒரு நாள் பார்த்துவிட்டான். அவன் கையிலிருந்த புட்டி நழுவப் பார்த்தது.

“பைத்தியமா உனக்கு? அது விஷம்! பாஷாணம்! வயத்துல பிள்ளையை வச்சுண்டு இப்படிப் பண்ணலாமா?”

“நீங்கதான சாரே கையில இருக்குன்னு சொன்னீங்க.”

அவன் மருந்துப் புட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினான். தேங்காயெண்ணெய் வாங்கிவந்து தூர இருந்தபடியே அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். அப்போதும் தட்டில் வெள்ளை வந்துகொண்டுதான் இருந்தது.

சேட்டு ஒரு நாள் மேலே ஏறி வந்து, “இலாகாக்காரன் வேற ஆளைப் பாத்துடுவான், நீயும் வேற வேலையைப் பாத்துக்கோ” என்று வெங்கடேஸ்வரனிடம் நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானமே அவன் சுலைஹாவைப் படிக்கட்டில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். கூழ் மட்டும் அவள் காய்ச்சியது. மற்றது எல்லாம் அவனே செய்தான். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த சுலைஹா துவா கேட்டாள். என்ன கேட்டாள் என்று பின்னால் நினைத்துப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவன் தட்டிலும் பூப்பல் வரட்டும், அவன் வேலை போனாலும் போகட்டும் என்று கேட்டாள்.

வந்தது. அதே வெள்ளை, அதே ஓரத்தில். முதல் தடவையாக ஒன்றும் வைக்காமல் வெறும் கூழோடு ஒரு தட்டை மூடி வைத்திருந்தான். சேட்டு செலவைப் பார்ப்பார் என்று அதுவரை அப்படி வைத்ததில்லை. அந்தத் தட்டு பளிச்சென்று கிடந்தது. வெங்கடேஸ்வரன் அன்று சாப்பிடப் போகவில்லை. பயறின் தோலை உரித்து வைத்தான், இரண்டாகப் பிளந்து வைத்தான். சில நாளில் பிளந்த பயறின் நடுவிலிருந்து, முளை ஒளிந்திருக்கும் இடத்திலிருந்து, வெள்ளை நூல் எழுந்து வந்தது. வெளியிலிருந்து யாரும் கொண்டுபோய் வைக்க முடியாத இடம் அது.

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. பயறில் பாதியைச் சுடுதண்ணீரில் பக்குவமாக நனைத்து எடுத்தான். அப்படி எடுத்ததில் வெள்ளை வரவில்லை, பயறும் சாகவில்லை. இரண்டு வகையையும் பழைய எண்ணெய் டின்களில் கடற்கரை மணலை நிரப்பிப் போட்டு, மொட்டை மாடியில் வைத்து, காயல் தண்ணீரைக் கலந்து ஊற்றினான். இரண்டும் முளைத்தன. ஓணம் வருவதற்குள், சுடுதண்ணீரில் நனைத்த செடிகள் ஓரம் கருகி, மஞ்சளாகி, ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. பூசணம் இருந்த பயறின் செடிகள் அதே உப்பு மணலில் கரும்பச்சையாக நின்றன. கொடி வீசிப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டன.

“உள்ளயே இருக்கு, கேட்டயா!” அவன் குழந்தை மாதிரி டின்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். “அது நோயே இல்லை. செடிக்குள்ள குடியிருந்துண்டு அதைத் தாங்கறது. உப்பைத் தாங்க வைக்கறது. அதைக் கொன்னா செடி நிக்கலை பார். தாய்ச் செடிலேருந்து விதைக்கு வரது, விதைலேருந்து அடுத்த செடிக்குப் போறது. வெளில யாருக்கும் தெரியாது!”

சுலைஹா அவன் முடிக்கும் வரை காத்திருந்தாள்.

“அப்ப எங் கையி சாரே?”

“கையா?” அவன் எதையோ மறந்துவிட்டவன்போல விழித்தான். பிறகு அவள் கைகளைப் பார்த்தான். பார்வையை உடனே டின்னுக்குத் திருப்பிக்கொண்டான். “கைல ஒண்ணுமில்லை. கை சுத்தம்தான்.”

“அதக் கீழ கேக்குற மாதிரி சொல்லுங்க. அன்னைக்குச் சொன்னீங்களே, அந்த மாதிரி சத்தமா.”

அவன் காது சிவந்தது. அப்படியெல்லாம் கத்த முடியுமா என்றான். நூர் முகம்மதுவிடம் தானே சொல்கிறேன் என்றான். சொல்லவும் செய்தான். லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த நேரம், தராசுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு பாடம் ஒப்பிப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னான். மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சுலைஹாவுக்குப் புருஷன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பது தெரிந்தது. அவள் வயிற்றில் பிள்ளை ஒரு உதை விட்டது. அந்த ஒரு நாள் அவள் சந்தோஷமாக இருந்தாள். பாக்கி இருந்த கடல்பாசியில் பாலும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சி, ஈயம் பூசிய தட்டில் உறைய வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோனாள். இன்றைக்கு மாமி ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள் என்று நிச்சயமாக நினைத்தாள்.

மஃரிபு தொழுகை முடிந்து எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். ரம்லத் கடைசிக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடல்பாசித் தட்டு நடுவில் இருந்தது. நூர் முகம்மது தொண்டையைச் செருமிக்கொண்டான். நல்ல சேதி சொல்லப் போகிறவனின் மிடுக்கு அவனிடம் இருந்தது.

“அம்மா, சாரு இன்னைக்குச் சொல்லிட்டாரு. பூப்பல் இவ கையிலருந்து வரலயாம். கையில ஒண்ணுமில்லையாம்.”

மாமி நிமிர்ந்து பார்த்தாள். “பின்ன எங்கருந்து வந்துச்சாம்?”

“உள்ளயேதான் இருக்காம். வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாதாம். தாய்ச் செடியிலருந்து விதைக்கு வருமாம், அப்படியே அடுத்ததுக்குப் போகுமாம். எவ்ளோ கழுவினாலும் போகாதாம்.”

சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தபடி சுலைஹாவைப் பார்த்தான். கூடத்தில் ரம்லத்தின் குழந்தை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மாமியின் உதடு கோணியது. அவள் அழுகிறாள் என்று புரிய எல்லோருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நான் பாவி. கையப் போயி குத்தம் சொன்னேன்” என்றாள். எழுந்து வந்து சுலைஹாவின் உரிந்துபோன கைகளைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “பாவம், கையி என்ன செய்யும். உள்ளயேதான் இருந்திருக்கு. அதான் எம் புள்ள யூசுப்பு போயிட்டான். ஒம் பாலக் குடிச்சுத்தான் போயிருக்கான்.”

“மாமி, அது பயறு. அதச் சொன்னாரு அவரு. நான் மனுசி மாமி.”

“பயறும் உசிருதான் புள்ள.”

“அது நல்லது செய்யுதுன்னு சொன்னாரும்மா” என்று நூர் முகம்மது அவசரமாக நடுவில் புகுந்தான். “நல்லதாம். செடிக்கு நல்லதாம்.”

“பூப்பல்ல என்னடா நல்லது?” என்றாள் மாமி. அவளிடம் கோபமே இல்லை. “நான் மூணப் பொதைச்சவ. பேரனோட நாலு. இன்னும் ஒண்ணப் பொதைக்க என் ஒடம்புல வலு இல்ல. ரம்லத்துக்குப் பால் இருக்கு. அது கொடுக்கும். பால் கொடுத்தா அதுவும் தாய்தான், மார்க்கத்துல ஒத்துக்கிட்டதுதான். நீ பெத்துக் கொடு, போதும்.”

கடல்பாசி அப்படியே கிடந்தது. ரம்லத்தின் பெரிய பிள்ளை அதன்பக்கம் கையை நீட்ட, மாமி அந்தக் கையை மெதுவாகப் பிடித்து விலக்கினாள்.

மறுநாள் சுலைஹா வெங்கடேஸ்வரன் முன்னால் போய் நின்றாள். வீட்டுக்கு ஒரே ஒரு தடவை வந்து நீங்களே சொல்லுங்கள் சாரே, நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்றாள். அவன் புத்தகங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். கோயம்புத்தூரில் பெரிய விஞ்ஞானி ஒருவர் அவனை வரச் சொல்லியிருந்தார். இந்தப் பயறை வைத்துத்தான் அங்கே மேல்படிப்பு.

“நான் உங்க ஆத்துக்கு வந்து என்ன சொல்றது? அதெல்லாம் உங்க குடும்ப விஷயம். நூர் முகம்மதுகிட்டதான் எல்லாம் தெளிவாச் சொல்லிட்டேனே.”

அவளுடைய முகத்தைப் பார்த்து அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்க வேண்டும். மொட்டை மாடியிலிருந்து ஒரு டின்னை எடுத்துவந்து கொடுத்தான். “இதை வச்சுக்கோ. நன்னாக் காய்க்கும்.” அவள் வாங்கிக்கொண்டாள். அவன் மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அவன் போட் பிடித்துப் போனான். மச்சு அறையைத் துடைத்துவிட்டு மறுபடி ஏலக்காய் பரப்பினார்கள்.

டின்னோடு வந்த செடியைச் சுலைஹா கிணற்றடியில், தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரமாக நட்டாள். மாமி அதைப் பிடுங்கிப் போடவில்லை. ஆனால் அதில் காய்த்த பயறைப் பறித்துக் குழம்பில் போட யாரும் வரவில்லை. காய்கள் கொடியிலேயே முற்றி வெடித்தன.

சீனச் சண்டை நடந்துகொண்டிருந்தது. முக்குச் சாயாக்கடையில் ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றிருந்த ஒரு காலையில் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி அதைத் துடைத்து நேரே ரம்லத்தின் மடியில் வைத்தாள்; அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள். சுலைஹா தலையைத் திருப்பிப் பார்த்தபோது கொஞ்சம் கறுப்பு முடியும் ஒரு காதும் தெரிந்தன. மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. மார் கல்லாகி, காய்ச்சல் கண்டு, படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் முனகினாள். மாமி தன் கையாலேயே மல்லிகைப் பூ வாங்கிவந்து, தொடுக்காமல் அப்படியே அள்ளி மார்மேல் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் வற்ற அப்படிச் செய்வது வழக்கம். “பொறுத்துக்க புள்ள, பொறுத்துக்க. ஒரு வாரம்தான்” என்று மாமி அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அந்த அணைப்பிலிருந்து எப்படி விலகுவது என்று சுலைஹாவுக்குத் தெரியவில்லை. பூ வாடி மணம் மாறி, கட்டு ஈரமாகி, மறுபடி புதுப் பூ வைத்துக் கட்டினார்கள். பால் முழுசாக வற்றவில்லை. பக்கத்து அறையில் குழந்தை சிணுங்கும்போதெல்லாம் கட்டு நனைந்தது.

குழந்தை தேறவில்லை. ரம்லத் இரண்டுக்கும் கொடுத்தாள். அவளுடைய சொந்தப் பிள்ளை பல் முளைத்த பிள்ளை, முதலில் குடித்து முடிப்பது அதுதான். சுலைஹாவின் குழந்தை மிச்சத்தை இழுத்துப் பார்த்துவிட்டு வீரிட்டு அழும். கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. மாமி சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தாள், ஓதி ஊதினாள். அவளும் தூங்கவில்லை, கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது. வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து கொஞ்சம் வந்து ஒட்டியிருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று அடிக்கடி சொல்லிக்கொண்டாள்.

அன்று அஸருக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்திருந்தது. மாமி உள்ளே தொழுகைக்கு நின்றுவிட்டாள். சுலைஹா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பின்வாசல் கதவு கிரீச்சிட்டது. ரம்லத் குழந்தையோடு வந்து நின்றாள். குழந்தை அழவில்லை, அழும் வலுகூட இல்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

“எனக்குப் பால் போதல புள்ள” என்றாள் ரம்லத். குரல் ரகசியமாக இருந்தது. “மூணு நாளா ஒண்ணுமே எறங்கல. எங்கிட்ட வச்சா இது செத்துப் போகும். மாமி தொழுது முடிக்கிறதுக்குள்ள நீ கொடு. நான் வாசல்ல நிக்கிறேன். இந்தா.”

சுலைஹாவின் கைகள் தாமாகவே நீண்டன. மார்க்கட்டு நனைந்து இறங்கியதை அவளே உணர்ந்தாள். குழந்தையின் கால் அவள் விரல்மேல் பட்டது. அவ்வளவு சின்னக் கால். அப்போது அவள் தன் கைகளைப் பார்த்தாள். உரிந்து, திட்டுத் திட்டாக வெளுத்து, நகக்கண் கறுத்திருந்தன. அவை தன்னுடையவை போலவே இல்லை. சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“கையக் கழுவிட்டு வந்துர்றேன் ராத்தா.”

“கழுவ வேணாம் புள்ள. ஒண்ணும் வேணாம். கொடு.”

“ஒரு நிமிசம். சோப்பு இங்கதான் இருக்கு.”

வாளியைக் கிணற்றில் இறக்கி இழுத்தாள். சோப்பை எடுத்துத் தேய்த்தாள். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை வரைக்கும். தண்ணீரை ஊற்றினாள். உள்ளே இருப்பதைக் கழுவ வழியில்லை, கையைத்தான் கழுவ முடியும். பார்த்தாள். இன்னும் ஏதோ இருப்பதுபோல் இருந்தது. மறுபடி தேய்த்தாள்.

“போதும் சுலைஹா” என்று ரம்லத் அழுகிற குரலில் சொன்னாள். “அல்லாவுக்காகப் போதும். வா.”

“இதோ ஆச்சு ராத்தா. இதோ.”

உள்ளே மாமி தொழுகையை முடித்து வலப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுக்கும் குரல் கேட்டது. அடுத்து இடப்பக்கம். குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடியது. பாயைச் சுருட்டும் சத்தம் வந்தது. ரம்லத் ஒரு காலைக் கதவுக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்றாள். சுலைஹா இன்னொரு வாளி இறக்கினாள். நுரை கலந்த தண்ணீர் வாய்க்கால் வழியே ஓடிப் பயற்றங்கொடியின் அடியில் போய்த் தேங்கியது. கொடியில் அன்றைக்கும் புதிதாகப் பூ விட்டிருந்தது.